வாக்குத்தத்த அட்டையில் இருந்தது நடக்கவில்லை. அப்படியானால் எது நிச்சயம்?

வாசகர் கடிதம்: "என் கணவருக்கு 44 வயது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. வருடப்பிறப்பு ஆராதனையில் அவர் கைக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் 'வியாதியை உன்னிலிருந்து விலக்குவேன்' (யாத்திராகமம் 23:25) என்று இருந்தது. அதையே சொல்லிச் சொல்லி ஜெபித்தோம். அக்டோபர் வந்துவிட்டது, ஒரு மாற்றமும் இல்லை. ஜெபக்குழுவில், உன் சந்தேகம்தான் தடையாக நிற்கிறது என்கிறார்கள். வெளியூர் ஊழியர் ஒருவர் வெள்ளி முதல் ஞாயிறு வரை உபவாச ஜெபத்துக்கு அவரை அழைத்து வரச் சொல்கிறார். அந்த வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்குப் போகாமல் இருப்பதுதான் விசுவாசத்தின் அடையாளமாம். பத்தாயிரம் ரூபாய் காணிக்கையாக 'விதைக்கவும்' சொல்கிறார். எனக்கு இப்போது ஜெபமே வரவில்லை. பத்து வயது மகன், அப்பா செத்துப்போயிருவாங்களா என்று கேட்கிறான். கிறிஸ்தவ நம்பிக்கை நிச்சயமானது என்று பிரசங்கிக்கிறீர்களே, எது நிச்சயம்? நான் அவிசுவாசியா?" — ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. டயாலிசிஸை விடக்கூடாது. புதன்கிழமை செய்துகொண்டவர் வெள்ளியை விட்டால் அடுத்தது திங்கள்தான், ஐந்து நாள் இடைவெளி. வழக்கமான வாரத்திலேயே வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் வரும் நீண்ட இடைவெளிதான் டயாலிசிஸ் நோயாளிக்கு ஆபத்தான நேரம். உடலில் சேரும் நீர் நுரையீரலில் இறங்கினால் மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு முட்டும். அதற்காவது அறிகுறி தெரியும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் பல நேரம் முன்னறிவிப்பே இல்லாமல் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். உபவாசம் முடிக்கும்போது இளநீரோ பழச்சாறோ கொடுப்பது நம் வழக்கம். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். நான்கு நாள் டயாலிசிஸ் இல்லாத உடம்புக்கு அது விஷம் மாதிரி. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருப்பதும் கூடாது.

மருந்தை விடுவதுதான் விசுவாசம் என்பவரிடம் 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்துக் கேளுங்கள். யூதாவின் ராஜா எசேக்கியா மரணத்துக்கு ஏதுவான வியாதியில் கிடக்கிறார். குணமாக்குவேன், ஆயுசில் 15 வருஷம் கூட்டுவேன் என்ற வார்த்தை ஏசாயா தீர்க்கதரிசி வழியாக வருகிறது. அட்டையில் வந்த வாக்கு அல்ல அது, பெயர் சொல்லி அந்த ஒருவருக்கே வந்த வாக்கு. அப்படியிருந்தும் அடுத்த வசனத்தில் அதே ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்கிறார், அதைப் பிளவையின்மேல் (கட்டியின்மேல்) பற்றுப்போடுகிறார்கள். வாக்கு வந்த பிறகும் வைத்தியம் நடந்தது. அதை யாரும் அவிசுவாசம் என்று சொல்லவில்லை. உங்கள் கணவர் ஜெபம் வேண்டும் என்று விரும்பினால் யாக்கோபு 5:14 சொல்லும் முறை போதும். வியாதிக்காரர் சபையின் மூப்பரை வரவழைக்க, அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள். அங்கே நடந்து வருகிறவர் மூப்பர், நோயாளி அல்ல. உங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) சொல்லி வைத்தால் வீட்டுக்கே வருவார். டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரத்தில் மருத்துவமனைக்கு வரவும் கேட்கலாம்.

பத்தாயிரம் ரூபாயைப் பற்றி ஒரே வார்த்தை: கொடுக்காதீர்கள். சுகத்துக்கு விலை சொல்கிறவர் அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் பேதுரு யாரைக் கடிந்துகொண்டார் என்று படித்துப் பார்க்கட்டும். பணத்தை டயாலிசிஸுக்குப் போய்வரும் செலவுக்கு வையுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இன்னும் காப்பீட்டு அட்டை எடுக்கவில்லை என்றால் 104-க்குப் போன் செய்து எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள்.

இனி வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வரிசையில் நின்று அட்டை எடுப்பது நம் சபைகளில் ஊறிப்போன பழக்கம். அதில் தவறில்லை, ஒரு வசனம் மனப்பாடமாகிறது. அட்டையில் ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது என்பதில்தான் சிக்கல். அந்த வரி யாருக்கு, எப்போது, எதற்காகச் சொல்லப்பட்டது என்பது அச்சகத்திலேயே வெட்டுப்பட்டுப் போகிறது. யாத்திராகமம் 23, எகிப்திலிருந்து வந்து சீனாய் மலையடியில் நிற்கும் இஸ்ரவேல் ஜனத்துக்கு, கானானில் எப்படி வாழ வேண்டும் என்று சொல்லும் இடம். ஒரு ஜனத்தோடு செய்யும் உடன்படிக்கையின் பேச்சு அது. ஒரு வீட்டில் ஒருவருடைய சிறுநீரகம் இந்த டிசம்பருக்குள் சரியாகும் என்ற தனி உத்தரவு அதில் இல்லை. இன்னும் நான்கு வசனம் தள்ளிப் படித்தால், எதிரிகளை ஓராண்டுக்குள்ளே துரத்திவிட மாட்டேன், கொஞ்சம் கொஞ்சமாகத் துரத்துவேன் என்று கர்த்தர் சொல்வதும் அங்கேயே இருக்கிறது. ஒரு வருடத்துக்கென்று அச்சடித்த அட்டைக்குப் பக்கத்திலேயே அந்த வசனம் இருப்பது வேடிக்கைதான்.

ஆகவே கர்த்தர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. உங்கள் சந்தேகம் அவர் கையைக் கட்டவும் இல்லை. அவர் உங்களுக்கு எழுதித் தராத ஒன்றை, அவர் எழுதித் தந்ததாக யாரோ உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் எது நிச்சயம்? இதற்கு நேரான பதில் 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில், 8 முதல் 10 வரையுள்ள வசனங்களில் இருக்கிறது. பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு மேற்கொண்டு வாசியுங்கள். ஆசியாவில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில்) தனக்கு நேர்ந்த உபத்திரவத்தைப் பவுல் சொல்கிறார். பலத்துக்கு மிஞ்சின பாரம், பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்கிறார். இதைச் சொல்வது பவுல். யாரும் அவரைப் பார்த்து, உன் சந்தேகம்தான் தடை என்று சொல்லத் துணிய மாட்டார்கள். அடுத்த வசனத்தில், தங்கள்மேல் நம்பிக்கையாயிராமல் மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கையாயிருக்கும்படி இது நடந்தது என்கிறார். ஒன்று அற்றுப்போன இடத்தில்தான் இன்னொன்று நிற்கிறது. பிழைப்போம் என்பது ஒரு நம்பிக்கை. செத்தாலும் எழுப்புகிறவர் இருக்கிறார் என்பது வேறொரு நம்பிக்கை. முதலாவது ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பொறுத்து ஏறும், இறங்கும். இரண்டாவது அந்த அறிக்கையால் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. நீங்கள் கடந்த பத்து மாதமாக இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தீர்கள். அதனால்தான் கிரியாட்டினின் எண் வரும்போதெல்லாம் கர்த்தரும் சேர்ந்து ஆடுவதுபோல் இருக்கிறது.

இரண்டாவது நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது? ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றின்மேல். 1 கொரிந்தியர் 15-ல் பவுல் அதை மறைக்காமல் பந்தயம் வைக்கிறார். கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண், எல்லா மனுஷரைப் பார்க்கிலும் பரிதபிக்கப்படத்தக்கவர்கள் நாம்தான் என்கிறார். உயிர்த்தெழுந்தவரை ஒரே வேளையில் கண்ட ஐந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள் என்று எழுதுகிறார். சிலுவைக்குப் பின் ஏறக்குறைய 25 வருடத்துக்குள் எழுதிய கடிதம் அது. சந்தேகப்படுகிறவர் போய் விசாரிக்கலாம் என்ற தொனியிலேயே எழுதுகிறார். பிறகு கிறிஸ்துவை முதற்பலன் என்கிறார். அறுப்பில் முதலில் வெட்டிக் கொண்டுவந்து படைக்கும் கதிர் அது, மீதி வயலும் அறுப்புக்கு வரும் என்பதற்கு அத்தாட்சி. உங்கள் கணவருடைய உடலும் அந்த வயலில் இருக்கிறது. அவர் நாற்பது வருடம் இன்னும் வாழ்ந்தாலும் சரி, இந்த வருடமே போனாலும் சரி, அந்த உடலுக்குச் சொல்லப்பட்டது உயிர்த்தெழுதல்.

இதோடு இன்னும் இரண்டும் நிச்சயம். மரணமானாலும் ஜீவனானாலும் கிறிஸ்து இயேசுவிலுள்ள தேவனுடைய அன்பை விட்டு நம்மைப் பிரிக்க முடியாது என்பது ஒன்று (ரோமர் 8:38-39). அந்தப் பட்டியலில் மரணம் முதலில் வருகிறது, கவனியுங்கள். நமக்கு வைக்கப்பட்ட சுதந்தரமும் காக்கப்படுகிறது, அதைப் பெறப்போகிற நாமும் காக்கப்படுகிறோம் என்பது மற்றொன்று (1 பேதுரு 1:4-5). இதை எழுதியது சுகமாக இருந்தவர்களுக்கு அல்ல. இன்றைய துருக்கியில் பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா முதலிய இடங்களில் சிதறிக் கிடந்து, பலவிதமான சோதனைகளினாலே துக்கப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. துக்கப்படாதீர்கள் என்று பேதுரு சொல்லவில்லை, துக்கப்படுகிறீர்கள் என்று ஒப்புக்கொண்டுதான் மேலே போகிறார்.

எது நிச்சயமில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. இந்த உலகத்தில், இந்த வருடத்தில், இந்தச் சிறுநீரகம் சுகமாகும் என்பது நிச்சயமில்லை. கர்த்தரால் முடியாது என்பதற்காக அல்ல. அவர் சிலரைச் சுகமாக்கினார், சிலரை விட்டார் என்று வேதமே பதிவு செய்திருக்கிறது. பவுல் தன் மாம்சத்தில் 'முள்' என்று சொன்ன உபாதைக்காக மூன்றுதரம் வேண்டினார். கிருபை கிடைத்தது, முள் போகவில்லை. தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு ஆலோசனை சொன்னாரே தவிர, விசுவாசம் போதாது என்று எழுதவில்லை. ஆனால் மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்ட எப்பாப்பிரோதீத்து பிழைத்தார். ஒரே அப்போஸ்தலன், ஒரே ஜெபம், விளைவு வெவ்வேறு. இன்னொன்றையும் யோசியுங்கள். இயேசு சுகமாக்கிய குஷ்டரோகி, அவர் உயிரோடெழுப்பிய லாசரு, யவீருவின் மகள், எல்லாரும் பிற்பாடு ஒருநாள் மரித்தார்கள். சுகம் பெரிய ஈவுதான், ஆனாலும் கடைசி நம்பிக்கையை அதன்மேல் வைத்தால் அது தாங்காது.

எபிரெயர் 6:19 இந்த நம்பிக்கையை ஆத்தும நங்கூரம் என்கிறது. துறைமுகப் பக்கம் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நங்கூரம் போட்ட கப்பல் ஆடாமல் இருப்பதில்லை, இழுத்துக்கொண்டு போகாமல் இருக்கிறது. உங்கள் மனம் ஆடுவதை வைத்து நங்கூரம் அறுந்துவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம்.

எப்படி ஜெபிப்பது? சுகம் கேளுங்கள், வாய்விட்டுக் கேளுங்கள். "உமக்குச் சித்தமானால்" என்று சொன்னால் அவிசுவாசம் என்று சிலர் கற்றுக்கொடுக்கிறார்கள். கெத்செமனேயில் ஆண்டவரே அப்படித்தான் ஜெபித்தார், அவரைவிட நாம் விசுவாசத்தில் தேறிவிட வேண்டாம். சூளையின் முன் நின்ற மூன்று வாலிபர் சொன்னதும் அதுதான் (தானியேல் 3:17-18): எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்க மாட்டோம். முதல் பாதி மட்டும் ஜெபித்தால் ஏமாற்றம் வரும். இரண்டாம் பாதி மட்டும் ஜெபித்தால் அது விரக்தி. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஜெபமே வரவில்லை என்கிறீர்கள். சொந்த வார்த்தை தீர்ந்துபோனால் இரவல் வார்த்தை எடுக்கலாம், சங்கீதப் புத்தகம் அதற்குத்தான் இருக்கிறது. 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறார் தாவீது. அந்த நான்கு இடத்திலும் உங்கள் காரியத்தைப் போட்டு, சத்தமாகச் சொல்லுங்கள்: எதுவரைக்கும் இந்த ஊசி, எதுவரைக்கும் இந்தக் கடன், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை மறைப்பீர். அழுகை வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், அன்றைய ஜெபம் அவ்வளவுதான். மூன்றாம் நான்காம் வசனத்தில் இன்றைக்கு வேண்டியதை மட்டும் கேளுங்கள், இந்த வெள்ளிக்கிழமைக்கு வேண்டியதை, இந்த இரவுக்கு வேண்டியதை. ஐந்தாம் வசனத்தில் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று வருகிறது. மனம் ஒப்பவில்லை என்றாலும் வாசியுங்கள். அது உங்கள் உணர்ச்சியைச் சொல்லும் வரி அல்ல, எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லும் வரி. மொத்தம் ஐந்து நிமிடம் ஆகும். ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்க முயன்று தோற்றுப்போய், நாலு நாள் ஜெபிக்காமலே விடுவதைவிட இது நல்லது. ஐந்தாம் வசனத்தைத் தொட முடியாத நாளில் 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அது கடைசிவரை வெளிச்சமே இல்லாமல் முடிகிறது, அதையும் கர்த்தர் வேதத்தில் வைத்திருக்கிறார். வெறும் பெருமூச்சுதான் வருகிறதென்றால், ஆவியானவர் பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்வதால் அதுவும் கணக்கில் சேர்கிறது.

நான் அவிசுவாசியா என்ற உங்கள் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்கிறேன்: இல்லை. கர்த்தரிடம் முறையிடுகிறவர் அவரை விட்டுப் போனவர் அல்ல. யோபு அதிகாரம் அதிகாரமாக வழக்காடினார். சிநேகிதர் மூவரும் கர்த்தருக்காகப் பரிந்துபேசினார்கள். முடிவில் கர்த்தர் கோபப்பட்டது சிநேகிதர்மேல். யோபைப்போல் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார் (42:7).

ஜெபக்குழுவில் இனி என்ன சொல்வது? விவாதம் வேண்டாம். குழுவை நடத்தும் அக்காவிடம் தனியாகப் போய், "அக்கா, எனக்காக ஜெபம் பண்ணுங்க, ஆனா காரணம் சொல்லாதீங்க. அதைத் தாங்குற பலம் எனக்கு இப்ப இல்ல" என்று சொல்லுங்கள். நல்ல மனசுள்ளவர் புரிந்துகொள்வார். பிறவிக் குருடன் ஒருவனைக் குறித்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று ஆண்டவர் சொன்னதை (யோவான் 9:3) அவருக்கு ஞாபகப்படுத்தலாம். கூடவே ஒரு வேலையும் கொடுங்கள். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்து வந்தார்கள், இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டார் என்று எழுதியிருக்கிறது. கட்டிலில் கிடந்தவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. உங்களுடையது தீர்ந்துபோன மாதங்களில் அவர்களுடையதில் நீங்கள் போகலாம். அதற்கும் மறுத்துக் காரணம் சொல்லிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நாள் அந்தக் குழுவுக்குப் போகாதீர்கள். ஞாயிறு ஆராதனையும் திருவிருந்தும் போதும்.

மகனிடம், "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது, இயேசப்பா பாத்துக்குவாங்க" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். ஒருவேளை அப்பா போய்விட்டால், அவன் இழப்பது அப்பாவை மட்டுமாக இருக்காது. பத்து வயதுப் பிள்ளைக்கு உண்மை தாங்கும், புரியாத ரகசியம்தான் தாங்காது. இப்படிச் சொல்லலாம்: "அப்பாவுக்குக் கிட்னி வேலை செய்யல. மெஷின் அந்த வேலையைச் செய்யுது. டாக்டர் பாக்குறாங்க, நாம ஜெபிக்கிறோம். அப்பா நல்லா இருக்கணும்னு நான் ரொம்ப ஆசைப்படுறேன். எத்தனை வருஷம்னு எனக்குத் தெரியாது. ஒருவேளை அப்பா செத்துப்போனாலும் இயேசப்பா அப்பாவை விடமாட்டாங்க, திரும்ப எழுப்புவாங்க. உன்னையும் நான் விடமாட்டேன்." அவன் அழுதால் அழட்டும், நீங்களும் அழலாம். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே கல்லறைக்கு நடந்தவரும் கண்ணீர் விட்டார். நீ சேட்டை பண்ணினதால் அப்பாவுக்கு வரவில்லை என்பதையும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதை மனதுக்குள் வைத்திருப்பார்கள், கேட்க மாட்டார்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. கடிதத்தில் கணவரைப் பற்றி எழுதினீர்கள், மகனைப் பற்றி எழுதினீர்கள், நீங்கள் தூங்குகிறீர்களா என்று எழுதவில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். பேச்சுவார்த்தை எல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். வாரத்தில் மூன்று டயாலிசிஸ் நாளில் ஒன்றுக்கு உங்கள் கொழுந்தனையோ சபை வாலிபர் ஒருவரையோ துணைக்குப் போகச் சொல்லுங்கள். அந்தப் பகலில் படுத்துத் தூங்குங்கள், வீட்டு வேலை இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. ஐயரம்மாவிடமும் (போதகரின் மனைவியிடமும்) சொல்லி வையுங்கள், இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கிற ஒருவருடைய எண் உங்கள் கையில் இருக்க வேண்டும்.